கையடக்க எங்கிரேவர்: எவர்சில்வர் முதல் சிரட்டை வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாத்திரக்கடையில் சம்படமோ தூக்கோ வாங்கினால் "பேர் வெட்டணுமா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ர்ர்ர்ரென்று இரண்டே நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். எங்கிரேவர் என்னும் அந்தக் கருவியும் அதன் வகையறாவும்தான் இங்கே பேச்சு. புதிதாக வாங்கியவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பலரும் எந்த மெஷின் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் வேலை கெடுவதற்கு மெஷின் காரணமாக இருப்பது குறைவு. பொருளுக்குப் பொருந்தாத பிட் (கருவியின் நுனியில் மாட்டும் வெட்டுமுனை), தேவைக்கு மேல் வேகம், போட்டு அழுத்தும் கை, இந்த மூன்றும்தான் பெரும்பாலும் கெடுக்கின்றன.

எங்கிரேவர் என்றால் ஒரே கருவிதானா?

இல்லை. அடிப்படையில் இரண்டு வகை. ஒன்று அதிர்வது, இன்னொன்று சுழல்வது.

பாத்திரக்கடையில் இருப்பது அதிர்வு வகை. அதன் நுனி சுற்றாது. மேலும் கீழுமாகக் குத்தும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை இழுப்பதால், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நிமிடத்துக்கு 6,000 குத்து விழும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் அதே கருவி 7,200 முறை குத்தும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அங்கிருந்து யாராவது அன்பாக வாங்கிவந்த 120 வோல்ட் கருவியை இங்கே 230 வோல்ட் பிளக்கில் அப்படியே செருகினால் காயில் கருகிவிடும். இந்த வகைக் கருவிகளில் இருக்கும் திருகு பெரும்பாலும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதற்கல்ல, குத்தின் ஆழத்தை மாற்றுவதற்கு.

சுழல்வதில் பல அளவுகள் உண்டு. டிரெமல் மாதிரியான ரோட்டரி டூல் நிமிடத்துக்குச் சுமார் 5,000 முதல் 35,000 சுற்று வரை போகும். பொற்கொல்லர்களும் பல் மருத்துவர்களும் வைத்திருக்கும் மைக்ரோமோட்டார் கைக்கு இன்னும் லேசானது, நடுக்கமும் குறைவு. யுஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் பேனா மாதிரி எங்கிரேவரும் இந்த வகைதான். விலை குறைவு, பலமும் குறைவு.

அப்படியானால் எதை வாங்குவது?

எவர்சில்வர், பித்தளை, கிரானைட்டில் பெயர் எழுதுவது மட்டும்தான் வேலை என்றால் அதிர்வு வகை போதும். கண்ணாடி, மரம், சிரட்டை, அக்ரிலிக் என்று கைவினைப் பக்கம் போகிறவர்களுக்குச் சுழல் வகைதான் சரி. யுஎஸ்பி பேனாவில் கண்ணாடி வேலை நன்றாகவே வரும். ஆனால் கொஞ்சம் அழுத்தினாலும் நின்றுவிடும். ஒருவிதத்தில் அதுவே நல்ல வாத்தியார், அழுத்தாமல் வேலை செய்யப் பழக்கிவிடும். கடினமான மரத்தில் ஆழமாகச் செதுக்க அதை நம்பாதீர்கள்.

நூற்றுச் சொச்சம் உதிரிகளோடு பெட்டி நிறைய வரும் செட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் பாதிக்கு மேல் எதற்கென்றே தெரியாமல் துருப்பிடிக்கும். சுமாரான மெஷினும் நல்ல பிட் ஐந்தும் வாங்கினால் பல மாதம் ஓடும்.

பிட் வகைகளை எப்படி அடையாளம் காண்பது?

பல்பல்லாக வெட்டியிருக்கும் பளபளப்பான உலோக பிட் இரண்டு விதம்: ஹைஸ்பீட் ஸ்டீல், டங்ஸ்டன் கார்பைடு. ஹைஸ்பீட் ஸ்டீல் மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும். கார்பைடு அவற்றோடு உலோகத்துக்கும் சிரட்டைக்கும் கொம்புக்கும் ஆகும். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருப்பது டைமண்ட் பிட். அது கண்ணாடி, கல், ஓடு, சங்கு போன்றவற்றுக்கு. டைமண்ட் பிட்டை மரத்தில் போட்டால் தூள் அடைத்துக்கொண்டு மரம் கருகும், வெட்டாது. கல் தலை வைத்த பிட்களில் பச்சை நிறம் சிலிக்கான் கார்பைடு, கண்ணாடி, கல்லுக்கு. இளஞ்சிவப்போ பழுப்போ இருந்தால் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு, இரும்பு, எஃகுக்கு.

மலிவான டைமண்ட் செட் சீக்கிரம் தேய்கிறதே என்கிறார்கள். அதில் வைரப்பொடி நிக்கல் முலாமில் ஒரே அடுக்காகத்தான் ஒட்டியிருக்கும். அந்த அடுக்கு போனால் உள்ளே வெறும் இரும்பு. அழுத்தினாலும் சூடேற்றினாலும் இன்னும் வேகமாகப் போகும். தண்ணீர் தொட்டு, லேசான கையோடு ஓட்டினால் மலிவு பிட்டும் தாக்குப்பிடிக்கும்.

வாங்கும்போது காம்பின் தடிமனைப் பாருங்கள். ரோட்டரி டூலுக்கு வருவது பெரும்பாலும் 3.2 மில்லிமீட்டர், மைக்ரோமோட்டாருக்கும் பேனாவுக்கும் 2.35 மில்லிமீட்டர். காம்பைக் கவ்விப் பிடிக்கும் கோலெட் அதே அளவில் இல்லாவிட்டால் பிட் ஆடும். சரியான கோலெட்டிலும் காம்பை வெளியே நீளமாக விட்டால் ஆட்டம் வரும். நுனி ஒரே புள்ளியாகத் தெரியாமல் சின்ன வட்டமாகச் சுற்றினால், கழற்றி மாட்டிச் சரிபார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

எவர்சில்வரில் எழுத்து கடையில் வெட்டுவது மாதிரி வரவில்லை. ஏன்?

முதல் காரணம் பாத்திரம் அதிர்வது. எவர்சில்வர் தகடு மெல்லியது. அடியில் பிடிமானம் இல்லையென்றால் நுனி குத்தும்போதெல்லாம் தகடு உள்வாங்கி எழும்பும். குத்து பாதிதான் பதியும், சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். கடைக்காரர் பாத்திரத்தைத் தொடையில் இறுக்கி வைத்துக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். டம்ளர், சொம்பு என்றால் உள்ளே பழைய துணியை நன்றாகத் திணியுங்கள். மடித்த துண்டின்மேல் படுக்கவைத்தால் உருளாது. சத்தம் மந்தமானால் எழுத்து நன்றாகப் பதியும்.

இரண்டாவது, பிடிக்கும் கோணம். பால்பாயின்ட் பேனாவைப் போல் சாய்க்காமல் ஏறக்குறைய நிமிர்த்திப் பிடியுங்கள். சுண்டுவிரல் பாத்திரத்தின்மேல் ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றாத கை எழுதும் எழுத்து நடுங்கும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி.

மூன்றாவது, வேகம். வேகமாக இழுத்தால் எழுத்து புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரே இடத்தில் தயங்கினால் அங்கே குழி விழும். கடை எழுத்து பல சமயம் புள்ளிக்கோடாக இருப்பது அவசரத்தால்தான், அதைப் பார்த்துப் பழக வேண்டாம். ஆழத்தைக் குறைவாக வைத்து ஒருமுறை எழுதி, அதே கோட்டில் மறுபடி போனால் தெளிவாக விழும்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு சங்கதி. ண, ழ, ஞ, ணு போன்றவற்றில் வளைவும் சுழியும் அதிகம். சின்னதாக எழுதினால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகத் தெரியும். 8 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் எழுதுங்கள். சுழி வரும்போது கையை வளைக்காமல் பாத்திரத்தைத் திருப்புங்கள். புள்ளியைக் கடைசியில் வையுங்கள். கருவியை நேராக நிறுத்தி ஒரு நொடி விட்டால் போதும், அழகான புள்ளி.

எழுதும் இடம் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே எழுதினால் கோட்டில் உணவு தங்கும். ஃபிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர் உள்ள வெற்றிடப் பாத்திரத்தில் ஆழமாகப் போகக் கூடாது. வெளிச்சுவர் மெல்லியது, துளி ஓட்டை விழுந்தாலும் சூடு நிற்காது. குக்கரில் எழுத நினைத்தால் கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதிய இடம் துருப்பிடிக்குமா?

நல்ல எவர்சில்வர் பிடிக்காது. அதில் கலந்திருக்கும் குரோமியம் காற்றுப்பட்டதும் வெட்டிய இடத்திலும் காப்புப் படலத்தைத் தானாக உண்டாக்கிக்கொள்ளும். பிசிறு எடுக்கிறேன் என்று சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால்தான் வம்பு. இரும்புத் துகள் கோட்டில் ஒட்டி, அது துருப்பிடிக்கும். பழி எவர்சில்வர்மேல் விழும்.

பித்தளை, செம்பு, அலுமினியம், வெள்ளி?

பித்தளைதான் கைக்கு மிகவும் இணக்கமான உலோகம். கோடு சுத்தமாக விழும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு மாதிரி வார்த்துச் செய்த கனமான பொருள் என்றால் தைரியமாக ஆழம் போகலாம். தகட்டில் அடித்த மெல்லிய தட்டில் முடியாது. கோட்டின் இரு கரையிலும் உலோகம் லேசாக எழும்பி நிற்கும், அதுதான் பிசிறு. நகத்தால் தடவினால் தட்டுப்படும். 600 எண் எமரித்தாளைச் சின்ன மரக்கட்டையில் சுற்றி மேலாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒன்றும் செய்ய வேண்டாம். புழங்கப் புழங்கக் கோட்டுக்குள் கறுப்பு ஏறும். புளி போட்டுத் துலக்கும்போது மேற்பரப்பு பளிச்சென்று ஆகும், கோடு மட்டும் கறுப்பாகவே நிற்கும். எந்தப் பெயின்ட்டும் அந்த அழகைத் தராது. வார்னிஷ் பூசி விற்கும் அலங்காரப் பித்தளைக்கு இது பொருந்தாது. அங்கே வெட்டிய இடத்தில் மட்டும் பூச்சு போய், ஓரம் ஓரமாகக் களிம்பு பரவும்.

செம்பு பித்தளையைவிட இளக்கம், பிசிறு கூடுதல். அலுமினியம் பிட்டின் பற்களில் அப்பிக்கொள்ளும். கொஞ்சம் மெழுகையோ மண்ணெண்ணெயையோ பிட்டில் தொட்டுக்கொண்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் அப்புவது குறையும்.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பை விட்டுவிடுங்கள். அது வெள்ளீயம், நகத்துக்கே தடம் விழும் அளவுக்கு மெத்தென்றிருக்கும். அதிர்வு நுனி பட்டால் பள்ளமாகவே போகும்.

வெள்ளிக் குங்குமச்சிமிழ், டம்ளர் எல்லாம் இப்போது மெல்லிய தகட்டில்தான் வருகின்றன. அதிர்வு வகை வேண்டாம். மைக்ரோமோட்டாரில் நுண்ணிய டைமண்ட் பிட் வைத்து மேலாகக் கீறினால் போதும். ஹால்மார்க் முத்திரையைத் தொடக் கூடாது. தங்க நகையில் இருக்கும் ஆறு எழுத்து-எண் அடையாளம் 2023 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்குக் கட்டாயம். அது சிதைந்தால் மறுவிற்பனையில் தலைவலி. தங்கத்தில் பெயர் வேண்டுமென்றால் பத்தரிடம் கொடுப்பதே மேல். வெட்டி விழுவதும் தங்கம்தானே.

எந்தக் கண்ணாடியில் எழுதலாம், எதில் கூடாது?

ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில், சாதாரணக் கண்ணாடி டம்ளர், 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமன் உள்ள சாதாரண ஜன்னல் கண்ணாடி, எல்லாம் சரி.

டஃபன்ட் கண்ணாடி என்று சொல்லப்படும் கடினப்படுத்திய கண்ணாடியில் கூடவே கூடாது. அதன் மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்திலும் நடுப்பகுதி இழுவிசையிலும் இருக்கும். கீறல் அந்த நடுப்பகுதியைத் தொட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகும். காரின் பக்கக் கண்ணாடி, ஷவர் கதவு, பல மேசைக் கண்ணாடிகள், மொபைலுக்கு ஒட்டும் டெம்பர்ட் கிளாஸ் எல்லாம் இந்த ரகம். வெள்ளை வெளேரென்ற ஓப்பல் டின்னர் செட்டும் பெரும்பாலும் கடினப்படுத்தியதுதான். மூலையில் சின்ன முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் சந்தேகம் வந்தால் விட்டுவிடுவதே நல்லது.

அடுப்பில் ஏற்றும் போரோசிலிகேட் பாத்திரத்திலும் வேண்டாம். கீறல் விழுந்த இடத்திலிருந்துதான் சூட்டில் விரிசல் தொடங்கும். பழைய லெட் கிரிஸ்டல் கோப்பைகளில் ஈயம் கலந்திருக்கும், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாத சாமான்.

கண்ணாடியில் சுத்தமான கோடு எப்படி வரும்?

படத்தைக் காகிதத்தில் வரைந்து பாட்டிலுக்கு உள்ளே ஒட்டுங்கள். வெளியிலிருந்து அந்தக் கோட்டின்மேல் போனால் போதும், வரையத் தெரியாதவரும் செய்யலாம். கண்ணாடியின் தடிமனால் கோடு கொஞ்சம் விலகித் தெரியும்; ஒற்றைக் கண்ணால் நேர் மேலிருந்து பாருங்கள்.

பிட் டைமண்ட், தலை சின்ன உருண்டை. வேகம் 10,000 முதல் 15,000 சுற்று. அதிக வேகத்தில் பிட் வழுக்கும், கண்ணாடி சூடாகும். முதலில் லேசாகத் தொட்டு, தொட்ட தடம் தெரிந்ததும் அதே தடத்தில் இழுங்கள். கண்ணாடியில் ஆழம் தேவையே இல்லை. வெள்ளையாகத் தெரிவது பள்ளம் அல்ல, மேற்பரப்பு சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிப்பதுதான். இதைப் புரிந்துகொண்டால் அழுத்தும் பழக்கம் தானாகப் போய்விடும். அழுத்தினால் கோட்டின் ஓரத்தில் மீன் செதில் அளவுக்குச் சில்லு பெயரும். அதை மறைக்க வழி கிடையாது.

வேலை செய்யும் இடத்தை ஈரப்படுத்திக்கொண்டே இருங்கள். ஈர ஸ்பாஞ்சைப் பக்கத்தில் வைத்து அவ்வப்போது ஒற்றினால் தூள் பறக்காது, பிட்டும் சூடாகாது. பேட்டரியில் ஓடும் பேனாவோடோ மைக்ரோமோட்டாரோடோ மட்டும் இதைச் செய்யுங்கள். நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் கருவிக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வது ஆபத்து. மைக்ரோமோட்டாரில் கைப்பிடி தனியாகவும் மின்சாரப் பெட்டி தனியாகவும் இருப்பதால், பெட்டியைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

கோட்டுச்சித்திரம் முடிந்ததும் இதழ், இலை போன்ற பகுதிகளை நிரப்ப டைமண்ட் வேண்டாம். பச்சைக் கல் பிட்டைப் படுக்கவைத்துத் தடவினால் பனி படிந்த மாதிரி மென்மையான வெள்ளை வரும். தண்ணீர் காய்ந்த பிறகுதான் உண்மையான வெள்ளை தெரியும். ஈரத்தோடு பார்த்து ஒன்றும் விழவில்லை என்று மறுபடி மறுபடி தேய்க்க வேண்டாம்.

குடிக்கும் டம்ளரில் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டராவது தள்ளி எழுதுங்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் எழுதினால் கோடு இரண்டாகத் தெரிகிறதே?

முன்பக்கம் எழுதினால் அப்படித்தான் தெரியும். பின்னால் இருக்கும் ரசத்தில் அந்தக் கோடு பிரதிபலிக்கிறது. 4 மில்லிமீட்டர் கண்ணாடியில் பிம்பம் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். பூவேலைக்கு அந்த நிழல் அழகு சேர்க்கும், எழுத்துக்கு ஒத்துவராது. எழுத்தைப் பின்பக்கம் இடவலம் மாற்றி எழுத வேண்டும். பின்பூச்சையும் ரசத்தையும் சேர்த்துச் சுரண்டி, பின்னால் வண்ணத்தாளோ சின்ன விளக்கோ வைத்தால் எழுத்து மட்டும் ஒளிரும். பிறகு சுரண்டிய ஓரத்தில் வார்னிஷ் தடவிவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் புகுந்து சுற்றியுள்ள ரசமும் போகத் தொடங்கும்.

மரத்தில் கோடு தானாக ஓடுகிறது, ஓரம் கருகுகிறது.

இரண்டும் வெவ்வேறு நோய்.

ஓடுவதற்கு மரத்தின் ரேகை காரணம். ஒவ்வொரு வளையத்திலும் இளக்கமான பட்டையும் கெட்டியான பட்டையும் மாறி மாறி வரும். பிட் இளக்கமான பக்கம் சரிந்துவிடும். ரேகையைக் குறுக்காகக் கடக்கும்போது கவலையில்லை, ரேகையோடு சேர்ந்து போகும் கோட்டில்தான் கவனம் வேண்டும். அங்கே சின்னக் கத்தியால் முதலில் மெல்லிய கீறல் போட்டு, அந்தத் தடத்தில் பிட்டை நடத்துங்கள். பிட் சுழலும் திசையிலேயே கையை நகர்த்தினாலும் அது உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். எதிர்த்திசையில் நகர்த்தினால் கட்டுக்குள் இருக்கும்.

கருகுவதற்குக் காரணம் மழுங்கிய பிட், அல்லது ஒரே இடத்தில் நிற்பது. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் எந்த பிட்டையும் சீக்கிரம் மழுக்கிவிடும், கார்பைடு போடுங்கள். பழக ஆரம்பிப்பவர்களுக்கு ரேகை சீராக உள்ள மென்மையான மரம் நல்லது. பிளைவுட்டில் மேல் அடுக்கு பிய்ந்துவரும், நுண்ணிய வேலை எடுபடாது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் கோடு சுத்தமாக விழும், ஆனால் அதன் தூளில் பசையின் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்திருக்கும். முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

அதிர்வு வகைக் கருவி மரத்தில் வெட்டாது, நசுக்கும். பெயர் எழுத வேண்டுமானால் ஒப்பேற்றலாம், அவ்வளவுதான்.

சிரட்டையில் செய்ய முடியுமா?

தாராளமாக. தெற்கே சிரட்டை, சென்னைப் பக்கம் கொட்டாங்குச்சி. காசில்லாமல் கிடைக்கும் இதைவிட நல்ல பயிற்சிப் பொருளை நான் பார்த்ததில்லை. நன்றாக முற்றிய தேங்காயின் ஓடாகப் பாருங்கள். இளசாக இருந்தால் காயும்போது வெடிக்கும். வெளிநாரைக் கத்தியால் சுரண்டி, 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேய்த்தால் கரும்பழுப்பில் பளபளக்கும். ரேகைத் தொல்லை மரத்தைவிடக் குறைவு, அதனால் வளைவான கோலமும் எழுத்தும் அருமையாக விழும். வெட்டிய கோடு மேற்பரப்பைவிட வெளிறித் தெரியும்.

சின்ன உருண்டைத் தலைக் கார்பைடு பிட், 15,000 சுற்று அளவிலான வேகம். ஓட்டின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கண்கள் உள்ள பக்கம் மெலிந்து ஓட்டை விழலாம், படத்தை அங்கிருந்து தள்ளி வையுங்கள். முடிந்ததும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் நிறம் எழும். பரிசாகக் கொடுப்பதென்றால் எண்ணெய்க்குப் பதில் தேன்மெழுகு போடலாம், பிசுபிசுப்பு இருக்காது.

தூள் மிக நுண்மையானது. சட்டையெல்லாம் படியும், வீட்டுக்குள் செய்தால் யாரோ திட்டுவார்கள்.

கல்லில் எழுத எது சுலபம்?

பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட்டில் அதிர்வு வகை பிரமாதமாக வேலை செய்யும். பாலிஷ் உடைந்த இடமெல்லாம் சாம்பல்வெள்ளையாகத் தெரியும். புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்தால் முகச்சித்திரமே வரும். கல்லறைக் கல்லிலும் பெயர்ப்பலகையிலும் இருக்கும் படங்களில் கையால் செய்தவை இப்படிப் புள்ளி வைத்துச் செய்தவைதான்.

பழகுவதற்குக் கடப்பாக் கல் போதும். அது சுண்ணாம்புக்கல் வகை, கிரானைட்டைவிட மிக இளக்கம். தரைக்கல் கடையில் உடைந்த துண்டுகள் எப்போதும் கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மாக்கல் இன்னும் இளக்கம், கத்தியே போதும்.

கல் வேலையில் உண்மையான ஆபத்து தூள். கிரானைட்டில் குவார்ட்ஸ் அதிகம். அதன் நுண்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தரும், படிந்தது திரும்பி வராது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது. என்95 முகமூடி, திறந்த வெளி, ஈரத்துணியால் நனைத்த கல், மூன்றும் வேண்டும். காய்ந்த தூளை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

சுடுமண் பானை, தரை ஓடு?

சுட்ட பானையில் டைமண்ட் பிட் போட்டால் சர்ரென்று போகும், சாதாரண ஆணியே கீறும். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில் பெயர் கீறியிருக்கிறார்களே, அவர்களிடம் என்ன மோட்டாரா இருந்தது? பெயர் வெட்டும் ஆசை நமக்குப் பழையது. சுவர் மெலிந்த பானையை மடியில் வைத்து வேலை செய்யுங்கள், மேசையின் கடினத்தில் விரிசல் விடும்.

மெருகேற்றிய ஓட்டில் மேல்பூச்சு கண்ணாடி மாதிரி. செலோடேப் ஒட்டி அதன்மேல் தொடங்கினால் பிட் வழுக்காது. விட்ரிஃபைட் டைல் மிகக் கெட்டி, பிட்டைத் தின்னும். கல்லைப் போலவே இதிலும் தூள் ஆபத்து உண்டு.

அக்ரிலிக் உருகி பிட்டில் ஒட்டிக்கொள்கிறது.

வேகத்தைக் குறையுங்கள். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். வேகமாகச் சுழலும் பிட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கருவியில் இருக்கும் மிகக் குறைந்த வேகம், பல் குறைவான கூர்மையான பிட், இரண்டு நொடி வெட்டு, ஒரு நொடி ஓய்வு. வாங்கும்போதே வார்ப்பு அக்ரிலிக்காகக் கேளுங்கள், அது பொடியாக உதிரும். மற்றது பசையாக இழுக்கும். பின்பக்கம் எழுதி, அடியிலிருந்து சின்ன எல்இடி விளக்கை விட்டால் கோடு மட்டும் ஒளிரும்.

தோல், சங்கு, மாட்டுக்கொம்பு?

தோலில் எங்கிரேவர் சரிப்படாது, நார் நாராகப் பிய்க்கும். அதற்குச் சூட்டுப்பேனா இருக்கிறது, அதுவும் தாவரப் பதனீடு செய்த தோலுக்கு மட்டும். குரோம் பதனிட்ட தோலைச் சுடக் கூடாது.

சங்கு, கிளிஞ்சல் எல்லாம் சுண்ணாம்பு, டைமண்ட் பிட்டுக்கு நன்றாக இசையும். ஈரத்தோடு செய்யுங்கள், காய்ந்தால் நாற்றமும் தூளும் தாங்காது. கடற்கரைக் கடையில் கிடைத்தது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது. நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி உள்ளிட்ட சில வகைகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கொம்பு கருகினால் முடி எரிந்த வாடை வரும். வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

படத்தை எப்படிப் பொருளில் மாற்றுவது?

கண்ணாடிக்குச் சொல்லியாயிற்று. மரம், சிரட்டைக்குக் கார்பன் பேப்பர். பளபளக்கும் உலோகத்தில் கார்பன் ஒட்டாது; வெள்ளை போஸ்டர் கலரை மெலிதாகப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் பென்சிலால் எழுதுங்கள். வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவினால் போய்விடும். கறுப்புக் கல்லுக்கும் இதே வழி. மார்க்கர் பேனாவால் எழுதினால் கை பட்டுப் பட்டு அழியும், அதனால் மேலிருந்து கீழாக வேலை செய்யுங்கள்.

கோட்டில் வண்ணம் நிரப்பலாமா?

மரம், சிரட்டை, கல், அக்ரிலிக் எல்லாவற்றிலும் நிரப்பலாம். அக்ரிலிக் பெயின்ட்டைக் கோட்டுக்குள் தேய்த்து, அரைகுறையாகக் காய்ந்ததும் ஈரத்துணியால் மேற்பரப்பை மட்டும் துடையுங்கள். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து தெரிவதற்கு விளக்குக்கரியைத் தேய்த்துத் துடைப்பார்கள், அதே வேலைதான். மரத்தில் மட்டும் வெட்டுவதற்கு முன்பே மேற்பரப்புக்கு வார்னிஷ் ஒரு கை கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வண்ணம் ரேகை வழியே பரவி, துடைக்கத் துடைக்க அசிங்கமாகும். புழங்கும் எவர்சில்வரில் நிரப்ப வேண்டாம். பத்துத் தேய்ப்பில் போய்விடும், போவதும் பாத்திரம் கழுவும் தண்ணீரில்தான்.

தப்பாக எழுதிவிட்டால்?

மரம், சிரட்டையில் தேய்த்து எடுத்துவிடலாம். எவர்சில்வரில் மேலான கீறலை 400, 800, 1200 என்று எமரித்தாளை மாற்றி மாற்றி ஒரே திசையில் தேய்த்து மழுப்பலாம். ஆழமாகக் குத்தியது போகாது. கண்ணாடியில் அழிக்க வழியே இல்லை. தவறிய கோட்டைக் கொடியாகவோ இலையாகவோ நீட்டிவிட வேண்டியதுதான். பூவேலையில் இது எளிது. பெயரில் எழுத்துப்பிழை என்றால் புது டம்ளர்தான் வாங்க வேண்டும். அதனால் எழுதுவதற்கு முன் பெயரை வேறு யாரிடமாவது ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.

கையுறை போடலாமா? வேறு என்ன பாதுகாப்பு?

சுழலும் கருவிக்குத் தளர்வான துணிக் கையுறை கூடாது. நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, அவிழ்த்த முடி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான்: செருகுங்கள், கட்டுங்கள், கழற்றுங்கள். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி வேண்டும், வழக்கமான மூக்குக்கண்ணாடி போதாது. மொபைல், பவர்பேங்க் போன்றவற்றில் பெயர் எழுதச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, மறுத்துவிடுங்கள்.

அதிர்வு வகையைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பிடிக்காதீர்கள். காயில் சூடாகும், விரலும் மரத்துப்போகும். மரத்துப்போவது தினமும் நடந்தால் நரம்புக்குக் கேடு.

மெஷின் பலம் குறைந்த மாதிரி இருக்கிறது. போய்விட்டதா?

ரோட்டரி டூலில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் (மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் சின்னக் கரித்துண்டு) தேய்ந்திருக்கும். பல மாடல்களில் பக்கவாட்டு மூடியைத் திருகிக் கழற்றி நீங்களே மாற்றலாம், சின்னச் செலவுதான். காற்றுத் துளைகளில் தூள் அடைத்திருந்தாலும் சூடாகிச் சோர்ந்துபோகும், பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அதிர்வு வகை பலவீனமானால் முதலில் நுனியைப் பாருங்கள். மழுங்கிய கார்பைடு நுனியைப் பச்சைக் கல்லில் உருட்டித் தீட்டினால் பழைய குத்து திரும்பிவரும். டைமண்ட் பிட் வெட்டவில்லையென்றால் உடனே எறிந்துவிடாதீர்கள். கத்தி தீட்டும் சாணைக்கல்லைத் தண்ணீரில் நனைத்து, அதில் சில நொடி ஓட்டிப் பாருங்கள். பிட்டில் அடைத்திருந்த தூள் உதிர்ந்துவிட்டால் மறுபடி வெட்டும். அதற்கும் வெட்டவில்லையென்றால் வைரம் தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.